குழாய் 61 என்று சொன்னால் 76 என்று எழுத வேண்டாம்

நுவரெலியா நகரை அண்டிய தோட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதுகிறார்:

“20 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்றின் நுனியை அடைத்து, முசலத்தின் மேல் 1, 2, 3 கிலோகிராம் என ஏற்றிப் போயிலின் விதியைச் செய்து பார்த்தோம். முசலத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 3 சதுர சென்ரிமீற்றர். கனவளவு 20, 14.2, 11.1, 9.0 மில்லிலீற்றர் என்று குறைந்தது. வளிமண்டல அமுக்கத்தை 101 கிலோபஸ்கால் என்று எடுத்துக் கணித்தால், அமுக்கத்தினதும் கனவளவினதும் பெருக்கம் மாறாமல் இருப்பதற்குப் பதிலாக 2020, 1899, 1846, 1791 என்று இறங்கிக்கொண்டே போகிறது. மயிர்த்துளைக் குழாயில் இரச நிரலை வைத்து வளிமண்டல அமுக்கத்தைக் கண்டால் 61 சென்ரிமீற்றர் வருகிறது. அலுமாரியில் உள்ள பழைய செய்முறைப் பதிவேடுகளிலோ எல்லோருக்கும் 76 வந்திருக்கிறது. கதிர்த்தொழிற்பாட்டுக்கு எங்களிடம் கதிர் மூலமும் இல்லை, கைகர் எண்ணியும் இல்லை. நூறு நாணயங்களைச் சுண்டி, தலை விழுந்தவற்றை அகற்றி, பாதிக் கருக்கள் தேய்வதற்கு எடுக்கும் காலமான அரைவாழ்வுக்காலத்தைக் காட்ட முயன்றேன். முதல் முறை 50 நாணயங்களுக்குப் பதிலாக 43 தான் அகன்றன. ‘எதைச் செய்தாலும் புத்தகத்தில் உள்ளது வருவதில்லையே, டீச்சர்’ என்கிறார்கள் பிள்ளைகள். விடையைத் திருத்தி எழுத விடுவதா, அல்லது பரிசோதனைகளை விட்டுவிட்டுக் கணக்குகளை மட்டும் செய்விப்பதா? பாடத்திட்டத்தை முடிக்க நேரமும் போதாமல் இருக்கிறது.”

அன்பின் ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ள அளவீடுகளில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. திருத்த வேண்டியது 101 என்ற எண்ணை மட்டுமே. அது கடல்மட்டத்துக்குரிய வளிமண்டல அமுக்கம்; இரசத்தின் உயரமாகச் சொன்னால் 76 சென்ரிமீற்றர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால், இரசத்தின் உயரமாகச் சொன்னால் ஏறத்தாழ 61 சென்ரிமீற்றர். உங்கள் மயிர்த்துளைக் குழாய் சொன்னதும் இதையேதான். ஒரு பரிசோதனையில் சரியாகக் கண்டுபிடித்த விடையை மற்றப் பரிசோதனையில் பயன்படுத்தாமல், மாறிலிகளின் அட்டவணையில் இருந்த எண்ணை எடுத்துப் போட்டதால்தான் பெருக்கம் இறங்கியது.

சரிபார்த்துக் கொள்ளுங்கள். 3 சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மேல் ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ 32.7 கிலோபஸ்காலைக் கூட்டுகிறது. வளிமண்டல அமுக்கத்தை 81 என்று எடுத்தால் மொத்த அமுக்கங்கள் 81, 113.7, 146.3, 179 ஆகும். அவற்றை உங்கள் கனவளவுகளால் பெருக்கினால் 1620, 1615, 1624, 1611 என்ற விடைகள் கிடைக்கின்றன. ஒரு சிரிஞ்சைக் கொண்டு பாடசாலையில் செய்த பரிசோதனைக்கு இதைவிடச் சிறந்த விடையை எவரும் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பிள்ளைகள் முன்னிலையில் “உயரம்தான் காரணம்” என்று உடனே சொல்லி முடித்துவிடாதீர்கள். பெருக்கம் இவ்வாறு ஒரே திசையில் இறங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும்: அடைத்த நுனியால் வளி கசிந்தாலும் நிறை கூடக்கூடக் கனவளவு வேண்டியதைவிட அதிகமாகக் குறைந்து, பெருக்கம் இதே போல் இறங்கும். இரண்டையும் வேறுபடுத்துவதற்கு நிறைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் போதும். கசிவு இருந்தால் முசலம் பழைய 20 மில்லிலீற்றருக்குத் திரும்பி வராது. கசிவு இல்லாமல் வளிமண்டல அமுக்கத்தை மட்டும் கூட்டி எடுத்திருந்தால் திரும்பி வரும். உராய்வு இந்தச் சோதனையைச் சற்றுக் குழப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றும்போது உராய்வு முசலத்தை மேலேயே பிடித்து வைப்பதால் கனவளவு கூடுதலாகவும், இறக்கும்போது அதே காரணத்தால் குறைவாகவும் தெரியும். ஆகையால் ஒவ்வொரு நிறைக்கும் ஏறும்போது ஒரு வாசிப்பும் இறங்கும்போது ஒரு வாசிப்பும் எடுத்துச் சராசரி காண்பதும், வாசிப்பதற்கு முன் முசலத்தை விரல்களால் மெல்லச் சுழற்றிவிடுவதும் நல்லது. றப்பர் முனையில் ஒரு துளி கிளிசரின் இட்டால் உராய்வு குறையும், கசிவும் குறையும்.

இதைவிடவும் ஒரு படி மேலே போகலாம். வளிமண்டல அமுக்கத்தை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். நிறைகளால் மட்டும் ஏற்பட்ட மேலதிக அமுக்கத்தை நிலைக்குத்து அச்சிலும், கனவளவின் தலைகீழ் மதிப்பைக் கிடை அச்சிலும் எடுத்து வரைபு ஒன்றை வரையச் சொல்லுங்கள். போயிலின் விதி உண்மையானால் வரைபு நேர்கோடாக அமையும். ஆனால் அது உற்பத்தியினூடாக, அதாவது இரு அச்சுகளும் பூச்சியமாகும் புள்ளியினூடாகச் செல்லாது. அக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்துக்குக் கீழே வெட்டும். உங்கள் வாசிப்புகளுக்கு அந்த வெட்டுத்துண்டு −80 கிலோபஸ்காலை அண்மித்து வரும். கனவளவின் தலைகீழ் பூச்சியம் என்பது வளி எல்லையின்றி விரிந்துவிட்ட நிலை. அந்நிலையில் மொத்த அமுக்கம் பூச்சியமாக இருக்க வேண்டும். அப்படியானால் நிறைகள் கொடுக்க வேண்டிய அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமும் எதிரும் ஆகும். இந்த விளக்கத்தை மாணவர்களே எட்டும்வரை பொறுத்திருப்பது ஒரு பாடவேளையை விழுங்கிவிடக்கூடும். விழுங்கட்டும். நேர்கோடு விதியை உறுதிப்படுத்துகிறது, வெட்டுத்துண்டு உங்கள் ஊரின் வளிமண்டலத்தை அளக்கிறது. ஒரு சிரிஞ்சிலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

இனி, அலுமாரியில் உள்ள 76 பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவேடுகளைத் திறந்து நீளங்களைப் பாருங்கள். இரச நிரல் 10 சென்ரிமீற்றராகவும், குழாயைக் கிடையாக வைக்கும்போது அடைபட்ட வளி நிரல் 20 சென்ரிமீற்றராகவும் இருந்தால், உங்கள் ஊரில் திறந்த முனை மேலே இருக்கும்போது வளி நிரல் ஏறத்தாழ 17.2 ஆகவும், கீழே இருக்கும்போது ஏறத்தாழ 23.9 ஆகவும் இருக்க வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகையை இரச நிரலின் நீளத்தால் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால் 61.3 வரும். அதே குழாய் 76 என்ற விடையைத் தர வேண்டுமானால் அந்த நீளங்கள் 17.7, 23.0 என்று இருந்திருக்க வேண்டும். அதாவது ஒரு நீளத்தை அரைச் சென்ரிமீற்றர் கூட்டியும் மற்றதை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைத்தும் எழுதியிருக்க வேண்டும். மில்லிமீற்றர் கோல் ஒன்றைக் கொண்டு வாசிக்கும் மாணவருக்கு அவ்வளவு பெரிய வழு ஏற்படாது. வாசிப்பில் ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் விடை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் மாறும். ஆகவே 60 அல்லது 62 என்ற விடை நேர்மையான விடை. 76 என்பது விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்து எழுதிய அளவீடு. ஆண்டாண்டாக எல்லோரும் அதே விடையை எழுதியிருப்பது மாணவரின் குற்றத்தைவிட, “விடை 76 வரவேண்டும்” என்று எதிர்பார்த்துச் சரி போட்ட நம் ஆசிரிய சமூகத்தின் குற்றம் என்றுதான் நான் கருதுகிறேன். பிள்ளைகளை 76 என்று எழுத விடாதீர்கள். அளந்ததை எழுதி, அதன் கீழே பாடசாலையின் உயரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள்.

வரலாறும் உங்கள் பக்கமே நிற்கிறது. பஸ்காலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே 1648 செப்டெம்பர் 19 அன்று பிரான்சின் புய் த டோம் மலைக்கு இரசக் குழாயைச் சுமந்து ஏறினார். அடிவாரத்து மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, அது நாள் முழுவதும் மாறுகிறதா என்று பார்க்கத் துறவி ஒருவரை அமர்த்திவிட்டே சென்றார். உச்சியில் இரசம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. வளிக்கு நிறை உண்டு என்பதற்கு அதுவே அக்காலத்தின் வலுவான சான்றாயிற்று. கொழும்புக்கும் உங்கள் வகுப்பறைக்கும் இடையிலான வித்தியாசமோ 15 சென்ரிமீற்றர். பெரியே கண்டதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அவ்வளவு தெளிவான அளவீட்டை 76 என்று திருத்தி அழிப்பதற்கு மனம் வரக்கூடாது.

61 என்ற எண்ணில் மாணவருக்குச் சந்தேகம் இருந்தால் வேறு வழிகளாலும் அதை உறுதிப்படுத்தலாம். வெப்பமானியை முதலில் உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பூச்சியத்தைச் சரிபார்த்துவிட்டு, கொதிக்கும் நீருக்குச் சற்று மேலே ஆவியில் பிடித்தால் 94 பாகை செல்சியசு அளவில் நின்றுவிடும். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைகிறது என்று கொண்டால் 1868 மீற்றருக்கு இது பொருந்துகிறது. பருப்பு வேகக் கொழும்பைவிட அதிக நேரம் எடுப்பது ஏன் என்பதும் வீட்டில் அடுப்படியில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதனால் விளங்கும். அமுக்கமானி உள்ள கைத்தொலைபேசி எவரிடமாவது இருந்தால் அது ஏறத்தாழ 810 ஹெக்டோபஸ்காலைக் காட்டும். ஆனால் அதே தொலைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் நுவரெலியாவுக்கு 1010ஐ ஒட்டிய எண் ஒன்றைக் காணலாம். இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். வானிலை அறிக்கைகளில் வரும் அமுக்கம், இடத்துக்கு இடம் ஒப்பிட வசதியாகக் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட எண்; உங்கள் சிரிஞ்சின் மேல் அழுத்துவது அதுவன்று. உயரத்தை அறிய அதிகம் அலைய வேண்டியதில்லை. மலையகப் புகையிரத நிலையங்களின் பெயர்ப்பலகைகளிலேயே கடல்மட்ட உயரம் எழுதப்பட்டிருக்கிறது. பட்டிப்பொலை நிலையத்தின் 6226 அடி உங்கள் ஊரின் உயரத்தை ஒட்டியதே.

வாயு விதிகள் அனைத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் கணக்குக்குப் புத்தகத்து உருளைகளை விடக் கடையில் தொங்கும் சிற்றுண்டிப் பைக்கற்று நல்லது. கொழும்பில் 30 பாகையில் அடைத்த பைக்கற்று, 17 பாகை நிலவும் உங்கள் ஊர்க் கடையில் உப்பிப் போய்த் தொங்குகிறது. அமுக்கம் 101 இலிருந்து 81க்குக் குறைந்ததால் கனவளவு ஏறத்தாழ 25 சதவீதம் கூட வேண்டும். தனி வெப்பநிலை 303 இலிருந்து 290க்குக் குறைந்ததால் ஏறத்தாழ 4 சதவீதம் சுருங்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால், உறை இறுகித் தடுக்காதவரை, 19 சதவீத விரிவு. குளிருக்குச் சுருங்கத்தானே வேண்டும் என்று வாதிடும் மாணவருக்கு எது பெரிய விளைவு, எது சிறியது என்று எடைபோடும் பழக்கம் இதில் வரும். செல்சியசை அப்படியே விகிதத்தில் பிரதியிடும் வழமையான தவறும் இங்கேயே பிடிபடும்: 30 இலிருந்து 17க்கு இறங்கினால் கனவளவு பாதியாகிவிட வேண்டுமே, பைக்கற்று அப்படிச் சொல்லவில்லையே என்று கேட்டால் போதும். சாள்சின் விதியைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கொதிநீரை 100 பாகை என்று எடுக்க வேண்டாம் என்பதைத் தவிர.

பரீட்சையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வினாவில் வளிமண்டல அமுக்கம் தரப்பட்டிருந்தால் அந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்று மாணவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். வினாத்தாளின் ஆய்வுகூடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வினாவே தீர்மானிக்கிறது. தம் கையால் அளந்தபோது மட்டும் தம் ஊரின் எண். இந்த வேறுபாட்டை உயர்தர மாணவர் எளிதில் புரிந்துகொள்வர்.

கதிர்த்தொழிற்பாட்டுக்கு வருவோம். 50க்குப் பதிலாக 43 வந்தது, 76க்குப் பதிலாக 61 வந்தது போன்ற விடயம் அன்று. பிள்ளைகள் இரண்டையும் ஒரே குறையாகப் பார்ப்பதுதான் இங்கே தீர்க்க வேண்டிய சிக்கல். சிரிஞ்சுப் பரிசோதனையைப் பத்து முறை செய்தாலும் பெருக்கம் பத்து முறையும் இறங்கும்; அது முறைமை வழு, காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் மறைந்துவிடும். நாணயங்களைப் பத்து முறை சுண்டினால் 43, 52, 48, 57 என்று 50இன் இருபுறமும் சிதறும்; அதற்கு நீக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை, எழுமாறாக நிகழும் நிகழ்ச்சியின் இயல்பே அது. நூறு நாணயங்களுக்கு அந்தச் சிதறலின் அளவு, அதாவது நியம விலகல், 5 ஆகும். ஆகையால் 40க்கும் 60க்கும் இடையில் எந்த எண் வந்தாலும் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வகுப்பைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் நூறு நாணயங்களைச் சுண்டி, எல்லாவற்றையும் கரும்பலகையில் கூட்டினால், ஆயிரத்தில் எதிர்பார்க்கும் 500இலிருந்து விலகல் ஏறத்தாழ 16 ஆக இருக்கும். எண்ணாகப் பார்த்தால் விலகல் கூடியிருக்கிறது. சதவீதமாகப் பார்த்தால் 5 இலிருந்து 1.6 ஆகக் குறைந்திருக்கிறது. தனித்தனியாகக் கூட்டும்போது கோணல்மாணலாக இருந்த தேய்வு வளையி, மொத்தமாகக் கூட்டும்போது புத்தகத்தில் உள்ள வளையியை நெருங்குவதை மாணவர் கண்ணாலேயே காண்பார்கள். கதிர்த்தொழிற்பாடுள்ள உலோகமான தோரியத்தின் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 2.6 × 10¹⁸ அணுக்கள் இருக்கின்றன. அத்தனை நாணயங்களைச் சுண்டினால் எஞ்சும் பங்கில் சிதறல் தெரியவே தெரியாது. ஒரு கருவின் தேய்வை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபோதும் அரைவாழ்வுக்காலத்தை இத்தனை நுணுக்கமாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

நூறு நாணயங்களைச் சேர்ப்பது சிரமமானால், தாயம் ஆடுவதற்கு வீட்டில் செய்வதைப் போல ஒரு புறம் தேய்த்த புளியங்கொட்டைகள் போதும். என் எண்ணத்தில் அவை நாணயத்தைவிடவும் மேலானவை. ஏனெனில் நாணயத்தில் நிகழ்தகவு அரை என்பது முன்பே தெரிந்ததால் அரைவாழ்வுக்காலம் ஒரு சுண்டல் என்பதும் முன்பே தெரிந்துவிடுகிறது; கண்டுபிடிக்க எதுவும் எஞ்சுவதில்லை. புளியங்கொட்டையின் வெள்ளைப் புறம் எத்தனைக்கு எத்தனை மேலே விழும் என்பது எவருக்கும் தெரியாது. எஞ்சிய கொட்டைகளின் எண்ணிக்கையின் மடக்கையை எறிதல்களின் எண்ணிக்கைக்கு எதிரே வரைந்து, படித்திறனிலிருந்து தேய்வு மாறிலியையும், அதிலிருந்து அரைவாழ்வுக்காலத்தையும் அவர்களே காண வேண்டியிருக்கும். ஒப்பிடுவதற்குத் தாயக்கட்டைக்குப் பதிலாக ஆறு முகப் பகடைகளை எறிந்து, ஒன்று விழுந்தவற்றை அகற்றினால் அரைவாழ்வுக்காலம் 3.8 எறிதல்கள் வரும்.

“இரண்டு அரைவாழ்வுக்காலம் கழிந்தால் முழுவதும் முடிந்துவிடும்தானே” என்று உங்கள் வகுப்பிலும் எவராவது கேட்டிருப்பார்கள். கணக்கால் மறுத்துக் கால்பங்கு எஞ்சும் என்று எழுதிக் காட்டுவது எளிது; ஆனால் தவறான எண்ணம் அதனால் போவதில்லை. கரு மூப்படைகிறது என்ற நினைப்பே அந்தக் கேள்வியின் வேர். நூறாண்டு கண்ட தேயிலைச் செடி பட்டுப்போவதற்கான வாய்ப்பு, சென்ற ஆண்டு நட்ட செடியைவிடக் கூடுதலாக இருக்கும். தோரியக் கரு அப்படி அன்று. பூமி தோன்றுமுன் உண்டான கருவுக்கும் நேற்று உண்டான கருவுக்கும் அடுத்த விநாடியில் தேயும் வாய்ப்பு ஒன்றே. மூன்று முறை தப்பிய நாணயங்களைத் தனியே எடுத்து, அவற்றை மட்டும் மறுபடி சுண்டி, மீண்டும் ஏறத்தாழ பாதி அகல்வதைக் காட்டுங்கள். சூத்திரத்தை அதன் பிறகு எழுதலாம்.

கதிர் மூலம் இல்லை என்று வருந்த வேண்டாம். அதை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவரவும் வேண்டாம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ்க் கதிர் மூலங்களை வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. பாடத்தை ஊருக்கு அண்மையில் கொண்டுவர மூலம் தேவையில்லை, வரலாறு போதும். கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் பலாங்கொடைப் பகுதியில் கண்டெடுத்த கனிமமே பின்னர் தோரியனைற்று என்று பெயர் பெற்றது. கலை வரலாற்றறிஞராக மட்டும் அவரை அறிந்த நம் மாணவருக்கு இது புதிய செய்தியாக இருக்கும். இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஓட்டோ ஹான், இலங்கையிலிருந்து சென்ற அந்தக் கனிமத்திலிருந்தே 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டார். இன்று அதைத் தோரியம்-228 என்கிறோம். தோரியம்-232இன் அரைவாழ்வுக்காலம் 1400 கோடி ஆண்டுகள் என்று எழுதியதும், அவ்வளவு காலம் காத்திருந்து அளந்தது யார் என்று ஒரு குறும்புக்காரர் கேட்பார். அது நல்ல கேள்வி. மேலே சொன்ன ஒரு மில்லிகிராமில் உள்ள 2.6 × 10¹⁸ தோரியம்-232 அணுக்களில் விநாடிக்கு ஏறத்தாழ 4 மட்டுமே தேய்கின்றன. அணுக்களின் எண்ணிக்கையையும் தேய்வு வீதத்தையும் அறிந்தால் தேய்வு மாறிலி கிடைத்துவிடுகிறது, காத்திருக்க வேண்டியதில்லை.

தோட்டத்து உரக் களஞ்சியத்தையும் மறந்துவிடாதீர்கள். எம்.ஓ.பி. என்று அங்கே சொல்லும் பொட்டாசியம் குளோரைட்டு உரத்தின் ஒரு கிலோகிராமில், பொட்டாசியம்-40 காரணமாக விநாடிக்கு ஏறத்தாழ 15,000 கருக்கள் தேய்கின்றன. இதைச் சொல்லும்போது, கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் அச்சம் கொள்ளாதபடி, நம் ஒவ்வொருவரின் உடலிலும் உள்ள பொட்டாசியத்தில் விநாடிக்குச் சில ஆயிரம் தேய்வுகள் எப்போதும் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றன என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பொட்டாசியம்-40இல் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு ஆகன்-40 ஆக மாறுகிறது. வளியில் உள்ள 0.93 சதவீத ஆகன் ஏறக்குறைய முழுவதும் பூமியின் பாறைகளில் இவ்வாறு பிறந்து வெளிவந்ததே. உங்கள் சிரிஞ்சில் அடைபட்ட வளியிலும் அது இருக்கிறது.

நேரம் போதவில்லை என்றீர்கள். வாயு விதிகளையும் கதிர்த்தொழிற்பாட்டையும் தொடர்பற்ற இரண்டு அலகுகளாக நடத்துவதால் இழக்கும் நேரத்தை, இரண்டையும் சேர்க்கும் ஒரே கணக்கால் மீட்கலாம். ரதர்போர்டும் கைகரும் 1908இல் ஒரு கிராம் ரேடியம் விநாடிக்கு 3.4 × 10¹⁰ அல்பாத் துணிக்கைகளை வெளிவிடுகிறது என்று எண்ணினார்கள். அல்பாத் துணிக்கை ஈலியமே என்பதை ரதர்போர்டும் ரொய்ட்சும் 1909இல், மெல்லிய கண்ணாடிச் சுவரைத் துளைத்து வெளியே சேர்ந்த வாயுவின் நிறமாலையைக் கொண்டு காட்டினார்கள். ரேடியத்தோடு, அது தேய்ந்து உண்டாகும் குறுகிய ஆயுள் கொண்ட கருக்களும் சேர்ந்திருக்கும்போது அல்பாத் துணிக்கைகள் நான்கு மடங்காகும். அந்நிலையில் ஓராண்டில் சேரும் ஈலியத்தின் கனவளவு, நியம வெப்பநிலையிலும் அமுக்கத்திலும், 0.156 கன சென்ரிமீற்றர் என்று போல்ட்வூட்டும் ரதர்போர்டும் 1911இல் அளந்தார்கள். இனி மாணவர் செய்யட்டும்: ஓராண்டில் 3.16 × 10⁷ விநாடிகள். ஆகவே ஈலிய அணுக்கள் ஏறத்தாழ 4.3 × 10¹⁸, அவை 0.156 கன சென்ரிமீற்றரை நிரப்பினால், ஒரு மூல் வாயுவின் 22,400 கன சென்ரிமீற்றரை நிரப்புபவை எத்தனை? விடை 6.2 × 10²³ வருகிறது. அவகாதரோவின் எண்ணை மனனம் செய்த மாணவர், ஒவ்வொன்றாக எண்ணிய துணிக்கைகளிலிருந்து அதைப் பெறும்போது, வாயு அலகிலும் கருவலகிலும் தாம் கையாள்வது ஒரே வகைத் துணிக்கைகளையே என்று காண்பார்கள். இலட்சிய வாயுச் சமன்பாட்டை மீட்டுப் பார்க்க இதற்கு மேல் வேறு பாடவேளை தேவைப்படாது.

இன்னொன்று, உங்கள் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியரோடு அமர்ந்து இரு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாயு விதிகளை அவரும் கற்பிக்கிறார். கணக்குப் பயிற்சியை அவரிடம் விட்டுவிட்டு அளவீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதலாம் வரிசைத் தாக்கத்தின் வளையியும் கதிர்த்தொழிற்பாட்டின் வளையியும் ஒன்றே. புளியங்கொட்டைத் தரவுகளை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். தாக்கத்தின் வீதம் வெப்பநிலையோடு மாறும், கருவின் தேய்வு வீதம் மாறாது என்ற வேறுபாட்டை மட்டும் உங்கள் வகுப்பில் நீங்களே சொல்லிவிடுங்கள். அலுமாரியில் உள்ள அந்தப் பழைய பதிவேடுகளை எறிந்துவிட வேண்டாம், 17.7, 23.0 என்ற நீளங்களைக் கொடுத்து, இந்தப் பரிசோதனை எந்த உயரத்தில் செய்யப்பட்டது என்று அடுத்த தவணைப் பரீட்சையில் ஒரு வினாவாகக் கேளுங்கள்.